மீனுக்குக் கட்டிய வீட்டில் வலை மாட்டினால்? ராமேஸ்வரம் கடலின் செயற்கைப் பாறைகளும் குப்பையும்: முழு விளக்கம்

கான்கிரீட் கட்டையைக் கடலில் இறக்கினால் மீன் வந்து சேருமா? சேரும். சில மாதங்களில் பாசி படியும், சிப்பி ஒட்டும், குட்டி மீன்கள் ஒளிய வரும். அவற்றைத் தின்னப் பெரிய மீன்களும் வரும். தமிழகக் கடலோரம் முழுக்க அரசே இப்படிச் செயற்கைப் பாறைகளை இறக்கி வருவது இதற்காகத்தான்.

ஆனால், மீனை இழுக்கும் அதே கட்டை வலையையும் இழுக்கும். அறுந்த நைலான் வலை, தூண்டில் நரம்பு, துணி, பிளாஸ்டிக் பை என்று கடலடியில் உருண்டுவருவதெல்லாம் ஏதாவது ஒன்றில் மாட்டி நிற்க வேண்டும். வெறும் மணல் தரையில் மாட்ட இடம் இல்லை. பாறையில் இருக்கிறது. யாரும் கவனிக்காமல் விட்டால், மீனுக்குக் கட்டிய வீடு மீனைக் கொல்லும் பொறியாக மாறிவிடும்.

ராமேஸ்வரம் பக்கம் ஸ்நார்க்கெலிங், டைவிங் என்று வார இறுதிப் பயணம் போகிறவர்களின் எண்ணிக்கை கூடிவரும் நேரம் இது. 'நாங்களும் முங்கி குப்பை எடுக்கலாமா?' என்ற கேள்வி அவர்களிடமிருந்து வருகிறது. எடுக்கலாம். ஆனால் எங்கே, எப்போது, எதை என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

செயற்கைப் பாறை என்றால் என்ன?

மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டை 'பார்' என்பார்கள். முத்துப்பார், சங்குப்பார் என்ற பெயர்கள் மன்னார் வளைகுடாவில் பழையவை. பார் இருந்தால் மீன் இருக்கும் என்பது அவர்களுக்குப் பரம்பரையாகத் தெரிந்த விஷயம். பார் இல்லாத இடத்தில் மரக்கிளை, தென்னை மட்டை, பனை ஓலை ஆகியவற்றைக் கல்லோடு கட்டி இறக்கி மீன் சேர்க்கும் முறையும் நம் கடற்கரைகளில் உண்டு. செயற்கைப் பாறை அந்த யோசனையின் கான்கிரீட் வடிவம்தான்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் (சி.எம்.எஃப்.ஆர்.ஐ.) இதற்கான வடிவங்களை உருவாக்கியிருக்கிறது. முக்கோண வடிவம், கிணற்று உறை போன்ற வளைய வடிவம், களவா மீன்கள் தங்குவதற்கேற்ற பொந்துகள் உள்ள வடிவம் என மூன்று வகைகள் பரவலாகப் பயன்படுகின்றன. 1947-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் தலைமையகம் முன்பு இருந்தது நம்ம மண்டபம் முகாமில்தான். பிறகு 1971-ல் கொச்சிக்குப் போனது. மண்டபத்தில் அதன் மண்டல மையம் இப்போதும் இயங்குகிறது.

தமிழக மீன்வளத் துறை இவற்றை 'செயற்கை மீன் உறைவிடங்கள்' என்று அழைக்கிறது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் இது இப்போது நாடு தழுவிய வேலை. நாட்டில் உள்ள 3,477 கடலோர மீனவ கிராமங்களையும் மனதில் வைத்து, 2023-ல் மட்டும் 10 மாநிலங்களுக்கு 732 செயற்கைப் பாறைத் தொகுதிகள், சுமார் 126 கோடி ரூபாய் செலவில் அனுமதிக்கப்பட்டன. மீன் உற்பத்தி இரண்டு, மூன்று மடங்கு உயரலாம் என்பது அரசின் எதிர்பார்ப்பு.

ராமநாதபுரம் கடலுக்கு இது ஏன் தேவைப்பட்டது?

இயற்கைப் பாறையை நாமே வெட்டி எடுத்துவிட்டோம் என்பதுதான் சுருக்கமான பதில்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறை டன் கணக்கில் தோண்டப்பட்டது. பாறை போனதும் அலையைத் தடுக்க ஆள் இல்லை. தீவு கரைய ஆரம்பித்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் இன்று கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன. 2001-ல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதேதான் பவளத்துக்கும்.

வெட்டுவது நின்றபின் வேறு அடிகள் விழுந்தன. கடல்நீர் சூடாகிப் பவளங்கள் வெளுத்துப்போகும் நிகழ்வு 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடுமையாக இருந்தது. இன்னொரு பக்கம், விசைப்படகுகளின் இழுவலை கடலடியை வாரிக்கொண்டு போகிறது.

இந்த நிலையில் செயற்கைப் பாறை மூன்று வேலைகளைச் செய்கிறது. ஒன்று, மீன் தங்க இடம். இரண்டு, அலை வேகத்தைக் குறைப்பது. தூத்துக்குடி அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க 2015-லிருந்து ஆயிரக்கணக்கான கான்கிரீட் கட்டமைப்புகள் இறக்கப்பட்டதும், அதன் பிறகு தீவு சுருங்குவது நின்றதும் நல்ல உதாரணம். அந்த வேலையில் முன்னால் நின்றது தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம். மூன்றாவது வேலை, இழுவலைக்குத் தடை. கடலடியில் கான்கிரீட் கட்டைகள் இருப்பது தெரிந்தால் விசைப்படகு அந்தப் பக்கம் வலையை இழுக்காது. இழுத்தால் வலை கிழியும்.

சிக்கல் தொடங்குவது இந்த மூன்றாவது வேலையில்தான்.

குப்பை ஏன் சரியாக அங்கேயே போய்ச் சேர்கிறது?

கிழிந்த வலை எங்கே போகும்? படகோடு கொஞ்சம் வரும். மீதி பாறையிலேயே தங்கிவிடும். செயற்கைப் பாறையின் மூலைகளும் பொந்துகளும் மீனுக்கு எவ்வளவு வசதியோ, வலைக்கும் அவ்வளவு வசதி.

இதில் கொஞ்சம் இயற்பியலும் இருக்கிறது. எல்லாப் பிளாஸ்டிக்கும் மிதக்காது. பை, கயிறு, மூடி போன்றவற்றில் பயன்படும் பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் இரண்டும் தண்ணீரைவிட லேசானவை. மிதந்து கரை ஒதுங்கும். தெர்மோகோலும் அப்படியே. நைலான் கடல்நீரைவிடக் கனமானது, மூழ்கும். குடிநீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் கனமானதுதான். மூடி போட்ட பாட்டில் உள்ளே இருக்கும் காற்றால் மிதக்கும். மூடி இல்லாத பாட்டில் நீர் நிரம்பி அடியில் போய்ப் படுத்துவிடும். மிதக்கிற பைகூடப் பாசியும் சிப்பியும் ஒட்டி கனமானதும் மெல்லக் கீழே இறங்கும்.

அதாவது, கடற்கரையில் நீங்கள் பார்க்கிற குப்பை ஒரு பாதிதான். கனமான பாதி கண்ணுக்குத் தெரியாமல் அடியில் நகர்ந்துகொண்டிருக்கிறது. நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டே போகும். பாறை குறுக்கே வந்தால் மாட்டும். பாறைக்குப் பின்னால் நீரோட்டம் வேகம் குறைவதால் அங்கே மணலோடு சேர்ந்து குப்பையும் படியும்.

ராமேஸ்வரத்துக்கே உரிய ஒரு குப்பையும் உண்டு: துணி. அக்னி தீர்த்தத்தில் நீராடிய பின் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிடுவதைப் பரிகாரமாக நினைக்கிறவர்கள் நிறைய. நனைந்த துணி மூழ்கும். பருத்தியாக இருந்தால் காலப்போக்கில் மக்கும். இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த புடவை, வேட்டி, சட்டை. அது மக்காது. ஒரு புடவை ஐந்தரை மீட்டர் நீளம். அது ஒரு பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டால், கீழே வெளிச்சம் போகாது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிக்கு வெளிச்சம்தான் சாப்பாடு. வெளிச்சம் நின்றால் பவளமும் பட்டினி.

பேய் வலை எப்படிக் கொல்கிறது?

கைவிடப்பட்ட வலையை 'பேய் வலை' என்கிறார்கள். ஆள் இல்லாமலே மீன் பிடிப்பதால் அந்தப் பெயர்.

செயற்கைப் பாறையில் ஒரு வலை போர்த்தியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறை மீனை அழைக்கிறது. வந்த மீன் வலையில் சிக்கிச் சாகிறது. செத்த மீனைத் தின்ன நண்டு வருகிறது, அதுவும் சிக்குகிறது. அதைத் தேடி இன்னொரு மீன். இரை போட்டு இரை பிடிக்கும் இந்தச் சுற்று வலை கந்தலாகும்வரை நிற்காது. தங்கூசி எனப்படும் மெல்லிய நைலான் நரம்பு நீரில் கண்ணுக்கே தெரியாது. சீக்கிரம் மக்கவும் செய்யாது. ஆமை, ஆவுளியா எனப்படும் கடல் பசு ஆகியவை மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். வலையில் மாட்டினால் அவை நீரிலேயே மூச்சுத்திணறி இறந்துபோகும்.

சிக்குவது மட்டும் இல்லை, நோயும் வருகிறது. ஆசிய-பசிபிக் பகுதியில் 159 பவளத் திட்டுகளில் 1,24,000 பவளங்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2018-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதம். பிளாஸ்டிக் உரசிக்கொண்டிருக்கும் பவளத்துக்கு 89 சதவீதம். உரசல் காயம், வெளிச்சக் குறைவு, பிளாஸ்டிக்கில் ஒட்டிவரும் கிருமிகள் மூன்றும் சேர்ந்து இப்படிச் செய்வதாகக் கருதப்படுகிறது.

மீனவருக்கு இது நேரடி நஷ்டம். தன் ஊருக்கு முன்னால் பாறை இறக்கினார்கள் என்று நம்பி நாட்டுப்படகில் போகிறவர், அங்கே பழைய வலை கிடந்தால் தன் புது வலையையும் இழப்பார். 'பார்ல மாட்டிக்கிச்சு' என்று அறுத்துவிட்டு வரும் ஒவ்வொரு வலையும் அடுத்த பேய் வலை. ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கியதை யாரும் ஆசைப்பட்டு விட்டுவிட்டு வருவதில்லை. இதை மீனவர் மேல் பழிபோடும் கதையாகப் பார்த்தால் தீர்வு கிடைக்காது.

குப்பையையே பாறையாக்கினால்?

'பழைய டயர், உடைந்த கார், பழைய பஸ் எதையாவது இறக்கலாமே, செலவும் மிச்சம்' என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கா அதைச் செய்து பார்த்துவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கடலில் சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாக இறக்கினார்கள். 'ஆஸ்போர்ன் ரீஃப்' என்று பெயர். டயர்களைக் கட்டியிருந்த பட்டைகள் துருப்பிடித்தும் அறுந்தும் போயின. புயலில் டயர்கள் உருண்டு பக்கத்தில் இருந்த உண்மையான பவளப்பாறையில் மோதின. ரப்பர் மேல் பவளமும் சரியாக வளரவில்லை. 2007-லிருந்து ராணுவ டைவர்களை வைத்து அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

பாடம் எளிமையானது. செயற்கைப் பாறை கனமாக இருக்க வேண்டும், அசையக் கூடாது, விஷம் கசியக் கூடாது. இந்த மூன்றும் இல்லாத எதுவும் குப்பைதான், அதற்கு என்ன பெயர் வைத்தாலும்.

கரையிலிருந்தே டைவ் செய்ய முடியுமா?

படகில் போகாமல் கரையிலிருந்து நடந்து இறங்கி முங்குவதை 'ஷோர் டைவிங்' என்கிறார்கள். செலவு குறைவு, தேவையான ஆட்களும் குறைவு. அதனால்தான் உலகின் பல இடங்களில் குப்பை அகற்றும் தன்னார்வக் குழுக்கள் இதையே தேர்ந்தெடுக்கின்றன.

நம்ம ஊரில் நிலைமை கொஞ்சம் வேறு. மீன்வளத் துறை இறக்கும் செயற்கைப் பாறைகள் பெரும்பாலும் கரையிலிருந்து தள்ளி, படகில் போக வேண்டிய தூரத்தில் இருக்கும். கரையிலிருந்து எட்டக்கூடியவை பாக் நீரிணைப் பக்கத்துக் கரையோரப் பவளத் திட்டுகள். மண்டபம் அருகே முனைக்காட்டிலிருந்து பாம்பன் கால்வாய் வரை ஒரு தொடர். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை இன்னொரு தொடர். கரையிலிருந்து சில நூறு மீட்டரில், ஆழம் குறைந்த நீரில் இவை இருக்கின்றன. பல இடங்களில் சிலிண்டரே தேவையில்லை. முகக்கண்ணாடியும் சுவாசக் குழாயும் போதும்.

எப்போது போகலாம் என்பதற்கு உள்ளூர்க்காரர்களின் ஒரு சொல்வழக்கு உதவும். தனுஷ்கோடியில் ஒரு பக்கம் 'ஆண் கடல்', மறுபக்கம் 'பெண் கடல்' என்பார்கள். ஆண் கடல் மன்னார் வளைகுடா, அலை அதிகம். பெண் கடல் பாக் நீரிணை; பெரும்பாலும் அமைதி. ஆனால் வாடைக்காற்று வீசும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெண் கடலும் கலங்கிப்போகும். அப்போது தெற்குப் பக்கம் ஓரளவு அமைதியாக இருக்கும். தென்மேற்குக் காற்று காலத்தில் இது அப்படியே தலைகீழ். தண்ணீர் கலங்கியிருந்தால் குப்பையும் தெரியாது, பவளமும் தெரியாது. தெரியாமல் காலை வைத்தால் நூறு வருடம் வளர்ந்த பவளம் ஒரு நொடியில் உடையும்.

அடுத்தது, அனுமதி. இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

● 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 'குப்பை எடுக்கத்தான் போனேன்' என்பது பதில் ஆகாது.

● பவளம், கடல் அட்டை, கடல் குதிரை, கடல் விசிறி ஆகியவற்றைத் தொடவோ எடுக்கவோ கூடாது. கரை ஒதுங்கிய செத்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு சிறை.

● இது எல்லைக் கடல். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ், கடலோரக் காவல் படை, கடற்படை மூன்றும் கண்காணிக்கும் பகுதி. முகம் தெரியாத நாலு பேர் சிலிண்டரோடு கடலில் இறங்கினால் கேள்வி வரும். முன்கூட்டியே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

பிரப்பன்வலசை, அரியமான், குருசடை தீவு, காரங்காடு போன்ற இடங்களில் அனுமதியோடு நடக்கும் நீர் விளையாட்டு, சூழல் சுற்றுலா ஏற்பாடுகள் இருக்கின்றன. புதிதாகப் போகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவதே நல்லது.

இந்தக் கடலில் ஏற்கெனவே முங்குகிறவர்கள் யார்?

டைவிங் என்றதும் வெளிநாட்டு விளையாட்டு என்று தோன்றலாம். ராமநாதபுரத்தில் அது பரம்பரைத் தொழில். கீழக்கரை பக்கம் சங்கு குளிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கி முங்கியவர்கள்.

சின்னப்பாலம், பாரதி நகர் போன்ற ஊர்களின் பெண்கள் இன்றும் கடற்பாசி எடுக்க முங்குகிறார்கள். கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, இடுப்பில் கட்டிய பை. இவ்வளவுதான் கருவிகள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எங்கே வளரும், எந்தப் பாறை எப்படி இருக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பாசியைச் சுரண்டி எடுக்க இரும்புக் கருவி கூடாது, மாதத்தில் சில நாட்கள்தான் போக வேண்டும், மீன் பெருகும் காலத்தில் நிறுத்த வேண்டும் என்று அவர்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்கள். அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' விருது கிடைத்தது.

ஊருக்குப் புதிதாக வரும் டைவிங் குழு, மாதத்தில் பத்து நாளாவது அதே நீரில் முங்கும் இந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன கஷ்டம்? எந்தப் பாறையில் வலை கிடக்கிறது என்று வரைபடம் போட வேண்டுமென்றால், தொடங்க வேண்டிய இடம் அவர்களுடைய ஞாபகம்தான். அதற்கு நாள்கூலி கொடுக்கவும் வேண்டும். தன்னார்வம் என்பது மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எளிது. ஒரு நாள் பாசி எடுக்காவிட்டால் அன்றைய வருமானம் போகும் ஒருவரிடம் இலவச சேவை கேட்கக் கூடாது.

எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்?

கடலடிக் குப்பையை எடுப்பது கரையில் பொறுக்குவது போல் இல்லை. 2011-லிருந்து உலக அளவில் நடக்கும் 'டைவ் அகென்ஸ்ட் டெப்ரி' போன்ற திட்டங்கள் கற்றுத்தந்த சில விதிகள் இங்கேயும் பொருந்தும்.

1. உயிர் குடியேறிய குப்பையை விட்டுவிடுங்கள். பாட்டிலுக்குள் மீன் முட்டை இருக்கலாம். டின்னுக்குள் குட்டி ஆக்டோபஸ் இருக்கலாம். பவளம் மேலே வளர்ந்து மூடிய வலையை இழுத்தால் பவளமும் சேர்ந்து பெயரும். அப்படிப்பட்ட வலையின் தொங்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, ஒட்டிய பகுதியை விடுவதே சரி.

2. இழுக்காதீர்கள், வெட்டுங்கள். சின்னக் கத்தரி அல்லது நரம்பு வெட்டும் கருவி போதும். இழுவலையின் ஒரு முனை உங்கள் கையில், மறுமுனை எங்கே என்று தெரியாது. அது உங்கள் காலைச் சுற்றியிருக்கலாம்.

3. பெரிய வலைக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். ஆமைக்கு நடப்பது டைவருக்கும் நடக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு மேலே வாருங்கள். பயிற்சி பெற்ற குழுவும் படகும் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். எடை கூடிய பையை உங்கள் மிதவை ஜாக்கெட்டின் காற்றை வைத்துத் தூக்க முயல வேண்டாம். பை நழுவினால் நீங்கள் கட்டுப்பாடில்லாமல் மேலே வீசப்படுவீர்கள்.

4. தனியாக வேண்டாம். ஜோடியாக இறங்குங்கள், கரையில் ஒருவர் நேரம் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். சிலிண்டரோடு முங்கினால் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது.

5. விமானத்தைக் கணக்கில் வையுங்கள். ஞாயிறு மதியம் வரை டைவ், இரவு மதுரையிலிருந்து விமானம் என்ற திட்டம் ஆபத்து. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். சென்னைக்கு ரயில் இருக்கிறது.

6. எண்ணுங்கள், எடை போடுங்கள், எழுதுங்கள். எத்தனை கிலோ வலை, எத்தனை பாட்டில், எந்த இடம், எந்தத் தேதி. இது இல்லாமல் எடுத்த குப்பை வெறும் புகைப்படம். இது இருந்தால் குப்பை எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சாட்சி.

எடுத்த குப்பை எங்கே போகும்?

பெரும்பாலான சுத்தப்படுத்தும் முயற்சிகள் தோற்கும் இடம் இது. கடலிலிருந்து எடுத்த வலையைக் கரையில் குவித்துவிட்டுக் கிளம்பினால், அடுத்த பெரிய அலையில் அது மறுபடி கடலுக்குள். எரித்தால் நச்சுப்புகை.

நைலான் வலைக்கு மறுசுழற்சி மதிப்பு உண்டு. உப்பும் மணலும் கழுவி, கயிறு, ஈயக் குண்டு, மிதவை என்று பிரித்துக் கொடுத்தால் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வலையை மீனவரிடமே விலைக்கு வாங்கும் முயற்சியைத் தமிழக அரசும் தொடங்கியிருக்கிறது. இது பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் இறங்குதளங்களில் எல்லா நாளும் நடக்கும் ஏற்பாடாக வேண்டும். கிழிந்த வலையைக் கொண்டுவந்தால் பணம் என்றால், கடலில் வெட்டிவிட யாருக்கும் மனம் வராது. டைவர் பத்து பேர் ஒரு வாரம் முங்கி எடுப்பதைவிட, ஒரு படகு தன் வலையைத் திரும்பக் கொண்டுவருவது மலிவு.

இதற்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது பாக் நீரிணைப் பக்கம் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். இழுவலைகள் துறைமுகத்தில் இருப்பதால், புதிதாக வலை விழும் வாய்ப்பும் குறைவு. செயற்கைப் பாறைகளை வருடம் ஒருமுறை பார்வையிட்டு சுத்தம் செய்ய இதைவிட நல்ல நேரம் எது? வேலையில்லாமல் இருக்கும் படகுத் தொழிலாளர்களுக்கும் சங்கு குளித்தவர்களுக்கும் அந்த நாட்களில் அது கூலியாகவும் இருக்கும்.

அப்படியானால் யார் பொறுப்பு?

செயற்கைப் பாறை இறக்கும் விழாவுக்குப் புகைப்படம் வரும். எத்தனை தொகுதி, எத்தனை கோடி என்ற கணக்கும் வரும். மூன்று வருடம் கழித்து அதில் எத்தனை வலை போர்த்தியிருக்கிறது என்ற கணக்குதான் நமக்கு வேண்டியது. பாலம் கட்டினால் பராமரிப்பு, சாலை போட்டால் பராமரிப்பு என்று கேட்கிறோம். கடலடியில் கட்டியதும் பொதுச் சொத்துதான். கண்ணுக்குத் தெரியாது என்பதால் கேட்காமல் விட முடியாது. ஒவ்வொரு தொகுதிக்கும் இடக்குறியீடு, பார்வையிட்ட தேதி, எடுத்த குப்பையின் எடை ஆகிய மூன்றும் ஊர் மீனவர் சங்கத்தின் கையில் இருந்தால் போதும். மீதியை அவர்களே கேட்பார்கள்.

நீச்சல் தெரியாத நான் என்ன செய்வது?

நல்ல கேள்வி. பெரும்பாலான குப்பை கரையில்தான் தொடங்குகிறது என்பதால் பெரும்பாலான வேலையும் கரையில்தான்.

● தனுஷ்கோடி, அரிச்சல்முனை போகும்போது கொண்டுபோன பாட்டிலையும் பொட்டலத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் கடல் இருக்கும் மணல்திட்டில் எறிந்த பை, காற்றடித்தால் எந்தப் பக்கம் போனாலும் கடலுக்குள்தான் போகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது.

● அக்னி தீர்த்தத்தில் துணியைக் கடலில் விடாதீர்கள். அம்மா, அப்பா, பாட்டியோடு போனால் அவர்களிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள். துணியை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவதால் புண்ணியம் குறையாது.

● சங்கு, பவளம், கடல் விசிறி விற்கிறார்கள் என்றால் வாங்காதீர்கள். பவளமும் கடல் விசிறியும் வைத்திருப்பதே குற்றம்.

● ஸ்நார்க்கெலிங் அழைத்துப்போகும் நிறுவனத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'அனுமதி இருக்கா? நங்கூரத்தைப் பவளத்து மேல போடுவீங்களா, மணல்ல போடுவீங்களா?' இரண்டாவது கேள்விக்கு அவர்கள் யோசிக்காமல் பதில் சொன்னால் நல்ல இடம்.

● பேய் வலையோ, சிக்கிய ஆமையோ கண்ணில் பட்டால் நீங்களாக இறங்க வேண்டாம். இடத்தைக் குறித்து, வனத்துறைக்கோ பக்கத்து ஊர் மீனவர்களுக்கோ சொல்லுங்கள்.

கான்கிரீட் கட்டை இறக்கிவிட்டால் கடல் தானாகச் சரியாகிவிடும் என்பது ஓர் ஆசை. அந்தக் கட்டையில் மீன் குடியேறுமா, வலை குடியேறுமா என்பதைத் தீர்மானிப்பது இறக்கிய நாள் அல்ல, அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வருடமும்.